ஒன்பதாம் வகுப்பின் சும்மா நோட்டு

ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் புதிதாக வந்திருக்கும் உங்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாகவும் இருக்கிறது, பாவமாகவும் இருக்கிறது. இன்னும் எத்தனையோ வருடத்துப் பிள்ளைகள் உங்களுக்காகக் காத்திருக்கிறார்களே என்று பொறாமை. அத்தனை பேர் எழுதுவதையும் உட்கார்ந்து திருத்த வேண்டுமே என்று பாவம். போன வாரம் பயிற்சி வகுப்பு முடிந்து டீ குடிக்கும்போது உங்களில் ஒருவர் கேட்டார். "மேடம், எதைக் குடுத்தாலும் கைடுல இருக்கறதையே எழுதிக் குடுக்கறாங்க. சொந்தமா எழுத வைக்க என்னதான் பண்றது?" டீ ஆறுவதற்குள் ஏதோ ஒரு பதிலைச் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். பாதி வழியில் அது சரியான பதில் இல்லை என்று உறைத்தது. சரியான பதில் கொஞ்சம் நீளம். அதில் பூங்கொடி என்று ஒரு பெண் வருகிறாள். அவளை விட்டுவிட்டு என்னால் அதைச் சொல்ல முடியாது.

தொண்ணூறுகளின் நடுவில் நான் சூலூர்ப் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் இருந்தேன். வீடு போத்தனூரில். வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் வேலை. காலையில் சமையலை முடித்து இரண்டு பஸ் மாறி ஓடுவேன். பள்ளிக்கூடத்தைச் சுற்றி விசைத்தறிக் கூடங்கள். அந்தச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி என் தொண்டை அகன்றுபோனது. வீட்டில் உப்பை எடுங்கள் என்று சொன்னால்கூட நான் சண்டைக்கு வருவதாக அவர் நினைப்பார். தறிச் சத்தத்தையாவது ஜெயித்துவிடலாம், விமானப்படை விமானம் தலைக்கு மேல் போகும்போது ஒன்றும் செய்ய முடியாது. அது போகிற வரைக்கும் சாக்பீஸும் கையுமாக நிற்பேன். பிள்ளைகளுக்கு அந்த நேரம் சின்ன இன்டர்வெல்.

தமிழ் வழி வகுப்பு. ஆங்கிலம் என்றால் மனப்பாடம் என்பதுதான் அங்கே எல்லோருடைய தீர்மானமும். மழை நாளைப் பற்றிக் கட்டுரை கேட்டால் வகுப்பு முழுக்க ஒரே மழை பெய்யும். கைடில் பெய்த மழை. வானம் பொய்த்து, குடிதண்ணீருக்கே குடம் வரிசையில் நின்ற வருடத்தில்கூட என் பிள்ளைகளின் தாளில் தெருவெல்லாம் வெள்ளம் ஓடி, பையன்கள் காகிதக் கப்பல் விட்டார்கள். அதைத் திருத்தித் திருத்தி எனக்கு அலுத்துவிட்டது. யாரும் சொல்லிக்கொடுத்து நான் அந்த வேலையை ஆரம்பிக்கவில்லை. அலுப்பில்தான் ஆரம்பித்தேன்.

ஒன்பதாம் வகுப்பில் ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு வாங்கிவரச் சொன்னேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் ஆங்கிலத்தில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம். வார்த்தை தெரியாவிட்டால் அந்த இடத்தில் தமிழைப் போட்டுக்கொள்ளலாம். சிவப்பு மை அந்த நோட்டில் படாது. நான் படித்துவிட்டுக் கீழே நீல மையில் இரண்டு வரி பதில் எழுதுவேன். வேறு யாரும் அதைப் பார்க்க மாட்டார்கள், அது என் வாக்கு. இவ்வளவும் சொல்லி முடித்த பிறகு ஒரு பையன் எழுந்தான்.

"ஏனுங்க டீச்சர், இது பரீட்சைக்கு வருமுங்களா?"

"வராது."

"அப்புறம் எதுக்குங்க?"

"சும்மாதான்."

அதிலிருந்து அதற்குப் பெயர் சும்மா நோட்டு.

எப்படி எழுதுவது என்று காட்டுவதற்காக என்னுடைய அன்றைய காலைப் பொழுதைப் பலகையில் எழுதிப் போட்டேன். ஐந்து மணிக்கு எழுந்தேன், என் கணவருக்குக் காபி கொடுத்தேன், பேப்பர் வராமல் அவர் காபியைத் தொட மாட்டார், ஆறிப்போன காபிக்கு என் மேல் கோபப்படுவார். இவ்வளவுதான். அடுத்த வெள்ளிக்கிழமை நோட்டுகளைத் திறந்தேன். வகுப்பில் உள்ள அத்தனை பேரும் ஐந்து மணிக்கு எழுந்திருந்தார்கள். அத்தனை பேருக்கும் ஒரு கணவர் இருந்தார். கடைசி பெஞ்சில் மீசை அரும்பிய பையன்களின் கணவர்களும் பேப்பர் வராமல் காபியைத் தொடவில்லை. ஸ்டாஃப் ரூமில் தனியாக உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தேன். பலகையில் இருப்பதை அப்படியே மனதில் ஏற்றிக்கொண்டுபோய்க் கொட்டுவதற்கு அவர்களை அவ்வளவு நன்றாக நாங்கள் பழக்கியிருந்தோம். அதன்பிறகு நான் பலகையில் எதையும் எழுதவில்லை. நீங்களும் எழுதாதீர்கள்.

இன்னொன்றும் வந்தது. இந்த ஊர்ப் பிள்ளைகள் பெரியவர்களிடம் 'ங்க' போடாமல் ஒரு வாக்கியம் முடிக்க மாட்டார்கள். ஆங்கிலத்தில் அதற்கு இடம் இல்லை. மொட்டையாக முடித்தால் டீச்சரை மரியாதை இல்லாமல் பேசியதாகிவிடுமே என்று தவித்து, அதற்கு அவர்களே வழி கண்டுபிடித்தார்கள். தோசை சாப்பிட்டேன் டீச்சர். மாடு கன்று போட்டது டீச்சர். தம்பி என்னை அடித்தான் டீச்சர். வரிக்கு வரி டீச்சர். பாடத் தேர்வில் இப்படி எழுதியிருந்தால் அடித்துத் தள்ளியிருப்பேன். சும்மா நோட்டில் அதைத் தொடவில்லை. அந்த டீச்சர் என்ற சொல் இருந்ததால்தான், யாரோ ஒரு பரீட்சைக்காரருக்கு இல்லை, எனக்கு எழுதுகிறார்கள் என்று தெரிந்தது.

மெல்ல மெல்ல எழுத ஆரம்பித்தார்கள். யார் என்ன எழுதினார்கள் என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். பொதுவாக ஒன்றைச் சொல்லலாம். தறி ஓடும்போது வீட்டில் யாரும் யாரிடமும் பேசுவதில்லை, கையைக் காட்டித்தான் எல்லாம் நடக்கும், கரண்ட் போனால் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பிப்பார்கள் என்று பாதி வகுப்பு வெவ்வேறு வாரங்களில் எழுதியது. இரண்டு வருடமாக அந்த ஊரில் வேலை பார்த்த எனக்கு அது அதுவரை தெரியாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நோட்டுக் கட்டோடு பஸ்ஸில் இடம் பிடித்து உட்கார்ந்து படித்துக்கொண்டே வருவேன். பஸ் மாற வேண்டிய சிங்காநல்லூர் வந்ததே தெரியாது. என் பணிக்காலத்தில் அவ்வளவு சந்தோஷமாக வேறெந்தத் தாளையும் நான் படித்ததில்லை.

பூங்கொடி வகுப்பில் வாயைத் திறக்க மாட்டாள். தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் பொதுவாக உரக்கப் பேசும், இவள் குரலைக் கேட்க நான் அவள் பெஞ்சு வரைக்கும் போக வேண்டும். ஆனால் நோட்டில் மற்றவர்கள் அரைப் பக்கம் எழுதினால் இவள் மூன்று பக்கம் எழுதுவாள். இலக்கணம் காலும் கையும் ஒடிந்து கிடக்கும், சொல்ல வந்தது மட்டும் தப்பாமல் வந்து சேர்ந்துவிடும். அதில் என்ன இருந்தது என்பது அவளுக்கும் எனக்கும் தெரியும், அது போதும்.

வருடக் கடைசியில் முழு ஆண்டுத் தேர்வு வந்தது. ஒருவர் வகுப்புத் தாளை இன்னொருவர் திருத்துவது அங்கே வழக்கம். என் வகுப்புத் தாள்கள் எங்கள் மூத்த ஆங்கில ஆசிரியருக்குப் போயின. அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். பத்தாவதில் ஆங்கிலத்தில் விழுகிற பிள்ளைகளை வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கரையேற்றியவர். ஆனால் அவருக்குக் கட்டுரை என்றால் பாயிண்ட். பிடித்த பண்டிகை பற்றிக் கேட்டிருந்தார்கள். எல்லோரும் கைடில் இருந்த பொங்கலை எழுதினார்கள். பூங்கொடி மட்டும் நோம்பியை, ஊர்த் திருவிழாவை, எழுதினாள். மாரியம்மன் நோம்பிக்கு இரண்டு நாள் தறி நிற்கும், அப்போதுதான் அம்மாவின் குரல் கத்தாமல் எப்படி இருக்கும் என்று கேட்க முடியும், அதனால் அதுதான் எனக்குப் பிடித்த பண்டிகை என்று எழுதியிருந்தாள்.

அவர் தாளை என் முன்னால் போட்டார். "பாயிண்ட் ஒண்ணுகூட இல்லீங்களே டீச்சர். பொங்கல் எப்ப வருது, எத்தன நாளு, எதுமே இல்ல. கடிதமும் இதே மாதிரி சொந்தமா எழுதி வெச்சிருக்குது. உங்க சும்மா நோட்டு பண்ணுன வேலைங்க இது."

எனக்குக் கோபம் வந்தது, அவர் சொன்னதில் உண்மை இருந்ததால் கூடுதலாகக் கோபம் வந்தது. கருணை மதிப்பெண் சேர்த்தும் அவளுக்குப் பாஸ் எட்டவில்லை.

அப்போதெல்லாம் பத்தாம் வகுப்பு ரிசல்ட்தான் பள்ளிக்கூடத்தின் மானம். சந்தேகமான பிள்ளைகளை ஒன்பதிலேயே நிறுத்திவிடுவார்கள். ஏப்ரல் கடைசியில் அதற்கான கூட்டம். ஹெட்மாஸ்டர் கணக்கு வாத்தியார், வெள்ளைச் சட்டை, கறாரான மனிதர். பிள்ளைகள் அவரைப் பெரிய சார் என்பார்கள். பூங்கொடியின் பெயர் வந்ததும் நான் அவளுக்காகப் பேசினேன்.

"நல்லா எழுதற புள்ளைங்க சார்."

"எதை வெச்சுச் சொல்றீங்க? மார்க்ல அது தெரியலீங்களே."

"அவ நோட்டு எங்கிட்ட இருக்குதுங்க சார். ஒரு வருஷமா எழுதினது."

வாய் தவறி வந்துவிட்டது.

"அப்படியா? அதைக் கொண்டாங்க. நாளைக்கு மத்தியானம் லிஸ்ட் ஒட்டறதுக்குள்ள பார்த்துடலாம்" என்றார்.

நோட்டுகள் என் அலமாரியில்தான் இருந்தன. சாவி என் கைப்பையில். கூட்டம் முடிந்து அலமாரி முன்னால் போய் நின்றேன். திறந்து எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தால் அவள் தப்பித்துவிடுவாள். அவளுக்கு நல்லதுக்குத்தானே என்று மனம் சொன்னது. யாரைக் கேட்டிருந்தாலும் எடுத்துக் கொடு என்றுதான் சொல்லியிருப்பார்கள். நீங்களும் இப்படி ஒரு அலமாரி முன்னால் கட்டாயம் நிற்பீர்கள். அப்போது ஒன்றை மட்டும் யோசியுங்கள். பிள்ளையின் நல்லதுக்கு என்று நாம் செய்கிற காரியங்களில் பிள்ளையைக் கேட்காமல் செய்பவைதான் அதிகம். அலமாரியைத் திறக்காமல், டவுன் பஸ் பிடித்து அவள் ஊருக்குப் போனேன்.

வீட்டை ஒட்டிய கூடத்தில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் அப்பா கூலிக்குத் தறி ஓட்டுகிறவர். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"வாங்கம்மணி, உள்ள வாங்க. புள்ள ஏதாச்சும் தப்புப் பண்ணிப்போட்டாளுங்களா?"

"இல்லீங்க. பரீட்சைல இங்கிலீஷ் கொஞ்சம் உதைக்குதுங்க. அதான் அவகிட்டப் பேசலாம்னு வந்தேன்."

"பாஸாச்சுன்னா படிக்கட்டுமுங்க. ஆவுலீன்னா உட்டுப்போடலாமுங்க. எதுக்குப் போட்டு அவளச் சிரமப்படுத்தீட்டு? தறி நம்முளுக்கு இருக்குதுங்கல்ல." அவ்வளவு பிரியமாகச் சொன்னார். அடிக்கிற அப்பாவாக இருந்தால் சண்டை போடலாம். இவரிடம் என்ன சண்டை போடுவது?

பூங்கொடி மோர் கொண்டுவந்தாள். அவளைத் தெருவோரம் வேப்பமரத்தடிக்கு அழைத்துப்போய் விஷயத்தைச் சொன்னேன். நோட்டைப் பெரிய சாரிடம் காட்டட்டுமா என்று கேட்டேன். உடனே தலையாட்டுவாள் என்று நினைத்திருந்தேன். கீழே பார்த்துக்கொண்டே நின்றாள்.

"வேண்டாமுங்க டீச்சர்."

"ஏன் கண்ணு?"

"அது உங்களுக்கு எழுதினதுங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "புத்தி இருக்கா உனக்கு? நாளைக்கு மத்தியானம் லிஸ்ட் ஒட்டறாங்க. ஒரு வருஷம் போயிரும். அப்புறம் நீ பள்ளிக்கூடத்துப் பக்கமே வர மாட்ட, தெரியுமில்ல?"

"தெரியுமுங்க."

"அப்புறம் என்ன?"

ஒரு வருடத்தில் நான் கேட்ட மிக நீளமான பேச்சை அவளுடைய அந்தச் சின்னக் குரலில் பேசினாள். "உங்களுக்குன்னு நெனச்சு எழுதுனதப் பெரிய சார் படிச்சா, அது அவருக்குப் புரியாதுங்க. எனக்கும் ஒரு மாதிரி இருக்குமுங்க. பெரிய சாருக்குத் தெரியோணும்னா, பெரிய சாருக்குன்னு நான் வேற எழுதித் தாரேனுங்க. அவரு முன்னாலயே உக்காந்து எழுதறேனுங்க."

ஒரு எழுத்து யாருக்கு எழுதப்பட்டதோ அவர்களுக்குத்தான் அது சேரும் என்பதை எனக்கு எந்தப் பயிற்சி வகுப்பிலும் யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. இங்கிலீஷில் ஃபெயிலான ஒன்பதாம் வகுப்புப் பெண் வேப்பமரத்தடியில் சொன்னாள். பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. கட்டுரைத் தாளில் கவிழ்ந்த பெண், பெரிய சாரின் அறையில் அவர் பார்த்துக்கொண்டிருக்க என்ன எழுதிவிடுவாள்?

மறுநாள் காலையில் பூங்கொடியை வரவழைத்து வாசலில் நிற்க வைத்துவிட்டு, ஹெட்மாஸ்டரிடம் நோட்டு இல்லை என்று சொன்னேன். ஏன் என்றார். அவள் சம்மதிக்கவில்லை என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து மீதியையும் அவசரமாகச் சொல்லி முடித்தேன். மூத்த ஆசிரியர் பக்கத்தில் இருந்தார். "டீச்சர் சொல்லிக் குடுத்து மனப்பாடம் பண்ணியாந்திருந்தா?" என்று கேட்டார். நியாயமான சந்தேகம்தான். "அப்ப டீச்சர் வெளிய இருக்கட்டும். புள்ள உள்ள வரட்டும்" என்றார் ஹெட்மாஸ்டர்.

நான் தண்ணீர்க் குழாய் பக்கம் போய் நின்றேன். ஜன்னல் வழியாக உள்ளே தெரிந்தது. ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுது என்று சொல்லிவிட்டு அவர் தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்தார். அவள் எழுதவில்லை. பேனாவைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள். வகுப்பில் கேள்வித்தாளைப் பார்த்துப் பிள்ளைகள் விழிப்பது வேறு, இது வேறு. யாருக்கு எழுதப் போகிறோமோ அந்த ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு விமானம் வேறு வந்து தலைக்கு மேல் போனது. அது போய் வெகு நேரம் கழித்துத்தான் குனிந்தாள். குனிந்தவள் பிறகு நிமிரவே இல்லை.

அந்தத் தாளில் இருந்ததை உங்களுக்குச் சொல்லலாமா என்று அவளிடமே போனில் கேட்டேன். "அது பெரிய சாருக்கு எழுதினதுங்க டீச்சர்" என்று முதலில் இழுத்தாள். "அவரு இன்னிக்கு இருந்திருந்தா வேண்டாம்னு சொல்ல மாட்டாருங்க. சொல்லுங்க" என்று பிறகு விட்டுக்கொடுத்தாள். அன்று அந்த அறையில் ஒரு தரம் படித்தது, இன்னும் மறக்கவில்லை; ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் தருகிறேன். பிழைகளை மட்டும் என்னால் தமிழுக்குக் கொண்டுவர முடியவில்லை.

"சார், நீங்கள் என்னை ஒன்பதாவதில் நிறுத்தினால் எங்கள் வீட்டிலிருந்து யாரும் உங்களிடம் சண்டைக்கு வர மாட்டார்கள் சார். அப்பா என்னைத் திட்ட மாட்டார் சார். பரவாயில்லை கண்ணு என்று சொல்வார் சார். அம்மா எனக்குப் பணியாரம் சுட்டுத் தருவாள் சார். அடுத்த வாரம் எனக்கு இரண்டு தறி தருவார்கள் சார். எனக்குத் தறி ஓட்டத் தெரியும் சார், நன்றாக ஓட்டுவேன் சார். எல்லோரும் என்னிடம் அன்பாக இருப்பார்கள் சார். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது சார். பத்தாவதில் நான் சரியாகப் படிக்காவிட்டால் நீங்கள் என்னைத் திட்டலாம் சார். எனக்கு உங்களிடம் திட்டு வாங்க ஆசை சார்."

ஹெட்மாஸ்டர் அதைப் படித்துவிட்டு மூத்த ஆசிரியரிடம் நீட்டினார். என்னையும் உள்ளே கூப்பிட்டார். பூங்கொடி நின்றுகொண்டிருந்தாள்.

"எத்தன தப்புங்க இருக்குது?" என்று மூத்த ஆசிரியரைக் கேட்டார் ஹெட்மாஸ்டர்.

"ஏகப்பட்டது இருக்குதுங்க. வரிக்கு வரி ஒரு சார் வேற."

"புரியாத வரி ஏதாச்சும் இருக்குதுங்களா?"

மூத்த ஆசிரியர் இன்னொரு முறை முதலிலிருந்து படித்தார். இந்த முறை நிதானமாகப் படித்தார். "இல்லீங்க" என்றார். கொஞ்சம் பொறுத்து, "பத்தாவதுக்கு இங்கிலீஷ் நான்தானுங்க எடுக்கறேன். எங்கிட்டயே வரட்டும். பரீட்சைக்கு எப்படி எழுதறது, மனுசங்களுக்கு எப்படி எழுதறதுன்னு பிரிச்சுக் காட்டிப்போடலாம்" என்றார்.

"அப்ப மறுதேர்வு வெச்சுப் பாஸ்னு எழுதிக்குங்க" என்றார் ஹெட்மாஸ்டர். பூங்கொடியிடம் திரும்பினார். "போயி அப்பாகிட்டச் சொல்லு. ஜூன்ல ஒரு நாளு லீவு போட்டாலும் திட்டுவேன்."

அவள் வாசல் வரைக்கும் போனாள். போனவள் நின்று திரும்பினாள்.

"சார், அந்தப் பேப்பர திருப்பித் தாரீங்களா?"

ஹெட்மாஸ்டர் மூத்த ஆசிரியரின் கையிலிருந்து அதை வாங்கினார். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"எனக்கு எழுதினதுதானே கண்ணு," என்றார். "எங்கிட்டயே இருக்கட்டும்."